ஊதாத சங்கும் ஒற்றை வரியும்

செவ்வாய்க்கிழமை காலை 10.41. ஸரூப் பள்ளத்தாக்கில் வெள்ள எச்சரிக்கைச் சங்கை இயக்கும் நிரல் செத்துக் கிடந்தது. பிழைச் செய்தி என்று ஒரு வார்த்தைகூட விட்டுப் போகவில்லை. தண்ணீர் ஏறியது, சங்கு ஊதவில்லை. மேலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் பார்த்துக் கத்தியதால் கீழே நடைப்பயணம் போன பதினாறு பேர் பிழைத்தார்கள்.

புதன் காலை 9.20. அம்மானில் அந்தச் சங்கைச் செய்து தந்த நிறுவனத்தின் முதலாளி அபூ ரகத் ஒரு கடிதத்தைத் தயாராக வைத்திருந்தார். நிறுவனத்தின் மூத்த நிரலாளர் ருதைனாவின் லைப்ரரி நீக்கப்படுகிறது, ருதைனாவும் நீக்கப்படுகிறார். பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்து.

எல்லோரும் உம் யாஸர் என்று அழைக்கும் ருதைனா பதினெட்டு வருடத்துக்கு முன் சி மொழியில் எழுதிய லைப்ரரி அது, மற்ற நிரல்கள் பயன்படுத்திக்கொள்ளும் ஒரு நிரல் தொகுப்பு. தண்ணீருக்குள் இருக்கும் அளவுகோலோடு பேசும் வேலை அதற்கு. அதன் மேல் பிஷர் என்ற இளைஞன் போன வருடம் பைத்தான் மொழியில் ஒரு சிறு நிரலை, ஒரு ஸ்கிரிப்டை, எழுதிச் சேர்த்தான். தண்ணீர் ஏறினால் லைப்ரரி ஸ்கிரிப்டைக் கூப்பிடும். ஸ்கிரிப்ட் சங்கை ஊதும்.

துப்பறிய வந்தவள் ஹதீல். அகபா துறைமுகத்தில் பாரந்தூக்கியை ஓட்டும் நிரல் நின்றுபோனால் முதலில் தேடப்படுகிற ஆள். வந்ததும் தேநீர்கூட வாங்காமல் பிஷரைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்தது எப்ப?"

"தண்ணி ஏறிடுச்சுன்னு லைப்ரரி கூப்பிட வேண்டிய அதே நொடியில."

"அதுக்கு முன்னாடி எவ்வளவு நேரமா ஓடிட்டிருந்தது?"

"ரெண்டு நாளா. ஸ்கிரிப்டோட புதுப் பதிப்பை ஞாயித்துக்கிழமை காலையில ஏத்தினேன்."

"இங்க சோதிச்சியா?"

"பத்து தடவை. அளவுகோலை வாளித் தண்ணியில முக்குவேன், சங்கு ஊதும்."

"ஸ்கிரிப்டை ஓட விட்டு எவ்வளவு நேரத்துல முக்குவ?"

"உடனேதான். காத்துக்கிட்டிருக்க யாருக்கு நேரம்?"

அபூ ரகத் குறுக்கிட்டார். "உம் யாஸர் மேல எனக்கு மரியாதை இல்லாம இல்ல. ஆனா செத்தது அவங்க லைப்ரரிக்குள்ள. கடைசியா ஓடினது அதுதான்னு பதிவேடே சொல்லுது."

"பிணம் கிடந்த வீட்டுக்காரர்தான் கொலைகாரர்னா போலீசுக்கு வேலையே இல்லையே, அபூ ரகத்."

ருதைனா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார்.

ஹதீல் லைப்ரரியைத் திறந்து படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மலர்ந்தது. கணினியின் நினைவகத்தில் வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்காத வரி ஒன்றுகூட இல்லை. பைத்தானோடு கைகோக்கும் இடத்தில் ருதைனா ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: ‘யாரைக் கூப்பிட வேண்டும் என்ற முகவரியை நான் வைத்திருப்பேன். அந்த ஆள் அங்கேயே இருப்பது உங்கள் பொறுப்பு.’

10.15. ஹதீல் சுவரைப் பார்த்தாள். பெயர்ப் பட்டியல் ஒன்று தொங்கியது. எல்லாப் பெயருக்கும் எதிரில் பூஜ்யம்.

"அது என்ன?"

"மஞ்சள் கோடு" என்றான் பிஷர். "நாம எழுதினதுல தேவையில்லாத வரி இருந்தா சரிபார்க்கிற கருவி மஞ்சள் கோடு போடும். வியாழக்கிழமை மூணு மணிக்கு யார் பக்கத்துல கோடு மிச்சம் இருக்கோ, அவங்க எல்லாருக்கும் கனாஃபே இனிப்பு வாங்கணும்."

"போன வியாழன் யார் வாங்கினது?"

"தெரியல. நான் இர்பித்ல இருந்தேன், அக்கா நிச்சயதார்த்தம். என் பேர்ல ஒரு கோடு இருந்தது. ஞாயித்துக்கிழமை வந்து பாத்தா பூஜ்யம். யாரும் ஒண்ணும் கேக்கல, நானும் வாயைத் திறக்கல."

ஹதீல் சிரிக்கவில்லை. ஸ்கிரிப்டை ஓட விட்டு, அளவுகோல் இரண்டு நாளில் அனுப்பும் செய்திகளை ஒரு மணி நேரத்தில் அதற்கு ஊட்டினாள். 11.30க்கு அளவுகோலை வாளியில் முக்கச் சொன்னாள்.

சங்கு ஊதவில்லை. நிரல் செத்துவிட்டது.

11.40. எல்லோரையும் உட்கார வைத்தாள்.

"பைத்தான்ல ஒரு பொருளை ஏதாவது ஒரு பேர் பிடிச்சிட்டிருக்கணும். பிடிக்க யாரும் இல்லேன்னா, வேண்டாத பொருள்னு அந்த இடத்தை வேற வேலைக்கு எடுத்துக்கும். சங்கை ஊதுற பகுதியை ஒரே ஒரு பேர் பிடிச்சிட்டிருந்தது. அந்தப் பேரை ஸ்கிரிப்ட் வேற எங்கயும் பயன்படுத்தல. அதனால கருவி மஞ்சள் கோடு போட்டுச்சு. லைப்ரரி அந்தப் பக்கம் நம்பிக் காத்திருக்கிறது கருவி கண்ணுக்குத் தெரியாது."

"பேரை எடுத்தா என்ன ஆகும்?" அபூ ரகத் மெதுவாகக் கேட்டார்.

"குடியிருந்தவர் காலி பண்ணிட்டுப் போயிட்டார். லைப்ரரி கையில விலாசம் மட்டும் இருக்கு. உடனே போய்த் தட்டினா பழைய சாமான் அப்படியே கிடக்கும், வேலை நடந்துடும். வாளி சோதனையில நடந்தது அதுதான். ரெண்டு நாள் கழிச்சுத் தட்டினா உள்ள வேற ஏதோ இருக்கும்."

"அந்த வரியை யாரு எடுத்தது?"

ஹதீல் மாற்றப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். வியாழன், மதியம் 2.48. ஒரு வரி நீக்கம். காரணம்: ‘சுத்தம்’. சுத்தம் என்று எழுதியிருந்ததால் அதை ஒரு மாற்றமாகவே யாரும் மதிக்கவில்லை.

"நீங்கதான், அபூ ரகத்."

அவர் முகம் வெளுத்தது. "பையன் ஊர்ல இல்ல. அவன் தலையில கனாஃபே விழ வேண்டாமேன்னு..." கையெழுத்துக்கு வைத்திருந்த கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். பிஷருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பாவம் பார்த்துச் செய்த காரியம். பதினாறு உயிர் போயிருக்கும்.

அபூ ரகத் ருதைனா பக்கம் திரும்பினார். "உம் யாஸர், நான்..."

"இதே ஸ்கிரிப்ட் எத்தனை பள்ளத்தாக்குக்குப் போயிருக்கு?" என்று கேட்டார் ருதைனா. அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"பதினொண்ணு."

"மழை எப்ப?"

"மூணு மணிக்குன்னு சொல்றாங்க."

"அப்ப மன்னிப்பை மூணரைக்குக் கேளுங்க. பிஷர், அந்த வரியைத் திரும்பப் போடு. அது எதுக்கு இருக்குன்னு மேலயே எழுதி வை. பைத்தானும் என் லைப்ரரியும் தனித்தனியா நல்லாத்தான் இருக்கு. ரெண்டும் சேர்ற இடத்துலதான் நாம கண்ணு வைக்கணும்."

2.50க்குள் பதினொரு பள்ளத்தாக்கிலும் வரி திரும்ப ஏறியது. ஒவ்வொன்றையும் ருதைனா தன் கண்ணால் சரிபார்த்தார். அந்த வேகத்தைப் பார்த்து, துறைமுகத்தில் யாருக்கும் அசராத ஹதீல் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

3.26. ஸரூப்பிலிருந்து தொலைபேசி. பேசுபவர் குரலே கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் சங்கு அப்படி ஊதிக்கொண்டிருந்தது. எல்லோரும் மேலே ஏறிவிட்டார்கள் என்பது மட்டும் புரிந்தது.

3.30. அபூ ரகத் எழுந்து நின்றார். அலுவலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ருதைனாவிடம் மன்னிப்புக் கேட்டார்.