அட்ராக்டாவின் காளைப் பால்

இந்தக் காலத்தில் தட்டு வைத்தவுடன் யார் சாப்பிடுகிறார்கள்? முதலில் விசாரணை நடக்கிறது. இதில் கோதுமை இருக்கிறதா, அதில் பால் இருக்கிறதா, இந்த முட்டையைப் போட்ட கோழி சந்தோஷமாக இருந்ததா... கோழியிடமே போய்க் கேட்டுவிட்டு வா என்று சொல்ல வாய் வரும். போன மாதம் கேரிக் டவுனில் ஒரு கடையில் டீ கேட்டேன். "எந்தப் பால் ஊத்தட்டும்?" என்றாள் அந்தப் பெண். "மாட்டுப் பால்" என்றேன். ஏதோ சீக்காளியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். லீட்ரிம் ஜில்லாவில்! மாடும் மழையும் சேறும் தவிர வேறு ஒன்றும் விளையாத இடத்தில்!

என் தம்பி பெண்டாட்டி அட்ராக்டா அப்படி விசாரிக்கிற ஜாதி இல்லை. நாற்பத்தோரு வருஷமாக எங்கள் வீட்டு அடுப்படியில் நின்றவள். வைத்ததைச் சாப்பிட்டாள், சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். அதனால்தான் அன்று நடந்தது எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை.

அன்று பெரிய வெள்ளிக்கிழமை. காலை ஏழரை இருக்கும். மாடு கறந்துவிட்டுக் கொல்லைக் கதவு வழியாக நான் உள்ளே வரும்போதே என் தங்கை கான்செப்டாவின் குரல் கேட்டது.

"என்ன அண்ணி இது நாத்தம்! ஒரு வாரமா வீடு பூரா புளிச்ச நாத்தம்! அடுப்புக்குப் பின்னால என்னத்த ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

கான்செப்டா டீச்சராக இருந்து ரிடயர் ஆனவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களோடுதான் இருக்கிறாள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும் என்று இன்னமும் எதிர்பார்ப்பாள்.

அட்ராக்டா திரும்பாமல், எங்கள் ஊர்க் கிழங்கு அடையான பாக்ஸ்டிக்கு உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். "ஒளிச்சு வைக்கல கான்செப்டா. ஓட்ஸ் உமி ஊறுது. அவ்வளவுதான்."

"கோழிக்கா?"

"ஃபிடெல்மாவுக்கு."

மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்த என் தம்பி யூஜின், கோப்பையை ணங்கென்று வைத்தான்.

ஃபிடெல்மா அவனுடைய ஒரே மகள். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் வெண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு, "கன்னுக்குட்டி வாயிலருந்து பிடுங்கின பால் எனக்கு வேணாம்பா" என்றாள். வீகனாம். நாலு தலைமுறையாகப் பால் கறந்து சாப்பிடுகிற வீட்டில்! "இந்த வீட்டுப் பால் வேணாம்னா இந்த வீடும் வேணாம்" என்றான் யூஜின். கோட்டை எடுத்துக்கொண்டு போனவள்தான். அம்மாவுக்கு மட்டும் போன் வரும்.

போன வாரம் வந்த போனில், ஜூன் மாதம் தனக்குக் கல்யாணம் என்று சொன்னாளாம். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் நடக்க ஆசையாம். பெரிய வெள்ளியன்று வருகிறேன், ஒரு வேளை அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன், அவர் பாதியில் எழுந்து போனால் நான் தனியாகவே நடந்துகொள்கிறேன், இனி கூப்பிடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அழுத்தக்காரி. யார் மகள்!

"நான் உக்காருவேன்" என்றான் யூஜின். "அட்ராக்டா ஒரு வாரமா அழுதுட்டிருக்கா, அதுக்காக உக்காருவேன். ஆனா என் வெண்ணெய் என் முன்னாடி இருக்கும்."

"இருக்கட்டும். பாக்ஸ்டி மட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதான். பால் இல்ல, மோர் இல்ல, வெண்ணெய் இல்ல."

"மோர் இல்லாம பாக்ஸ்டியா!" கான்செப்டா நெஞ்சில் கை வைத்தாள். "மோருக்குப் பதில்?"

"இந்த உமித் தண்ணிதான். எங்க பக்கத்துல காளைப் பால்னு சொல்லுவாங்க. பசு வத்தின மாசத்துலயும், பெரிய வெள்ளி மாதிரி பால் தொடக்கூடாத நாள்லயும்..."

யூஜின் விழுந்து விழுந்து சிரித்தான். "காளைப் பாலா! அண்ணே, வாளிய எடுத்துட்டுப் போய் நம்ம காளைகிட்ட உக்காரு! என்ன குடுக்குதுன்னு பாப்போம்!"

நானும் சிரித்தேன். ஏன் பொய் சொல்ல வேண்டும்?

கான்செப்டா சிரிக்கவில்லை. "உங்க அம்மா வீட்டுப் பஞ்சத்த இங்க கொண்டு வராதீங்க அண்ணி. நாப்பத்தோரு வருஷமா மோரும் வெண்ணெயுமா கொட்டியே எங்கம்மா சுட்ட பாக்ஸ்டி மாதிரி உங்களுக்கு வரல... இப்ப கழுநீர்ல வந்துடப் போகுதாக்கும்!"

அட்ராக்டாவின் கை துருவியின் மேல் நின்றுவிட்டது. வாயைத் திறந்தாள்... மூடிக்கொண்டாள். கழுத்து வரை சிவந்துபோனாள்.

அந்த முகத்தை நான் நாற்பது வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அவள் பாக்ஸ்டி சுட்ட நாளெல்லாம் நாங்கள் மூன்று பேரில் ஒருவர் அதைச் சொல்லியிருக்கிறோம். அம்மா கைப்பக்குவம் வரவில்லை. நல்லாத்தான் இருக்கு, ஆனா அம்மாது மாதிரி இல்லை. அவள் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. வெட்கம் என்று நினைத்தேன்.

அவள் வேலையைப் பார்த்தாள். துருவிய கிழங்கைத் துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்தாள். பிழிந்த தண்ணீரின் அடியில் படிந்த வெள்ளை மாவை வழித்து மறுபடி சேர்த்தாள். வேகவைத்து மசித்த கிழங்கு, கோதுமை மாவு, உப்பு, ஒரு சிட்டிகை சோடா உப்பு. பிறகு அடுப்புக்குப் பின்னாலிருந்து வாளியை எடுத்து, உமியை வடிகட்டி, வெள்ளையாகக் கலங்கி இருந்த அந்தத் தண்ணீரை ஊற்றினாள். சோடா உப்பில் பட்டவுடன் புஸ்ஸென்று நுரைத்தது. எட்டிப் பார்த்தேன். அது பால் இல்லை. பால் மாதிரியும் இல்லை. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணிக்கு ஃபிடெல்மா வந்தாள். இளைத்திருந்தாள். அம்மாவும் மகளும் வாசலில் கட்டிக்கொண்டு நின்றதில் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மழை வேறு உள்ளே அடித்தது.

"எப்படி இருக்கீங்க பெரியப்பா?"

"இருக்கேன். கதவ மூடு."

யூஜின் மேஜைத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். முன்னால் அரைக் கிலோ வெண்ணெய். "வா" என்றான். அவ்வளவுதான். அவள் எதிரே உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றி மாட்டாமல் மடியிலேயே வைத்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

அட்ராக்டா வறட்டுக் கல்லில் ஒவ்வொன்றாகச் சுட்டுப் போட்டாள். ஓரம் முறுகி, நடுவில் பொன்னிறப் புள்ளி விழுந்து, மேலே எண்ணெயில் வதக்கிய வெங்காயத்தாள். பார்வைக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பார்வையை நம்பி நான் எதையும் வாங்குவதில்லை.

"சரி" என்றான் யூஜின். கத்தியில் வெண்ணெயை எடுத்தான். பிறகு மனசு மாறி அதைக் கிண்ணத்தின் ஓரத்திலேயே வழித்துவிட்டான். "முதல்ல வெறுமனே தின்னு பாக்கறேன். அப்பத்தான் இது பன்னிக்குக்கூட ஆகாதுன்னு மனசாரச் சொல்ல முடியும்."

"யூஜின்... அவ முன்னாடி வேணாம்!" என்றாள் அட்ராக்டா.

ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டான். மென்றான். மெல்லுவது நின்றது. தட்டைத் தூக்கி முகத்தருகே வைத்து முகர்ந்தான். முகம் வெளுத்துப்போயிற்று. முட்கரண்டியை வைத்தான்... நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான்!

"அப்பா..." ஃபிடெல்மா கூப்பிட்டாள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்படியை விட்டு வெளியே நடந்தான்.

"பாத்தியாம்மா?" ஃபிடெல்மா கோட்டில் கையை நுழைத்தாள். "ஒரு வாய்! ஒரு வாய்க்கு மேல என்னோட உக்கார முடியல அவரால!"

"கொஞ்சம் இருடி கண்ணு... அவர் தெருக் கதவுப் பக்கம் போகல!"

போகவில்லைதான். மாடிப்படிக்கு அடியில் உள்ள அலமாரியில் எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. எழுபத்தொரு வயது ஆள், தவழ்ந்து உள்ளே போய், பழைய வாளி, பூட்ஸ் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு, கடைசியில் ஒரு பழுப்பு மண் ஜாடியோடு திரும்பி வந்தான். தலையெல்லாம் ஒட்டடை. ஜாடியை மேஜை நடுவில் வைத்தான்.

"பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி குடுத்துட்டு நான் ஒளிஞ்சுக்கற இடம் அது" என்றான். "எப்பவும் ஒரு வாசனை வரும். இந்த வாசனை! அட்ராக்டா... இது என்ன ஜாடி?"

"அது அம்மாவோட கஞ்சி ஜாடி" என்று கான்செப்டா முந்திக்கொண்டாள். "துணிக்குக் கஞ்சி போட. என்னத் தொடவே விட மாட்டாங்க."

"நான் அவளக் கேட்டேன்!"

அட்ராக்டா கல்லை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். கையை ஏப்ரனில் துடைத்தாள். அவசரமே இல்லை.

"வாரா வாரம் கஞ்சி போடற அளவுக்கு இந்த வீட்ல என்ன இருந்துது? நாலு சட்டை. அந்த ஜாடியோட அடியப் பாருங்க. ஓட்ஸ் படிஞ்ச வளையம் இன்னும் இருக்கும். கல்யாணமாகி வந்த மூணாம் நாளே நான் பாத்துட்டேன். பஞ்சத்துல வளந்தவளுக்குத் தெரியாதா காளைப் பால் ஜாடி?"

யூஜின் ஜாடிக்குள் விரலை விட்டு அடியைத் தடவினான்.

"உங்கம்மா என்னைப் பாத்துட்டாங்க. கையப் புடிச்சுக்கிட்டாங்க. நான் வர்றதுக்கு முன்னாடி, பன்னெண்டு மாடு கறந்தும் சொட்டுப் பால் மிச்சமில்லாம பால் சொசைட்டிக்குப் போன காலம் ஒண்ணு இருந்துதாம். உங்களுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் எடுத்து வெச்சா சமையலுக்கு மோர் ஏது? அஞ்சு வருஷம் வேற வழியில்லாம உமித் தண்ணியிலதான் சுட்டாங்க, உங்க நாக்கு அதுக்குப் பழகினப்புறம் மாத்தவே இல்ல. 'இது அவங்களுக்குத் தெரியவே கூடாதும்மா, சத்தியம் பண்ணு'ன்னு அழுதாங்க. பண்ணினேன்."

"எதுக்கு?" கான்செப்டாவின் குரல் கிறீச்சிட்டது. "எதுக்கு மறைக்கணும்? எந்த அஞ்சு வருஷம்?"

அட்ராக்டா அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"நீ கன்னியாஸ்திரி மடத்துல ஹாஸ்டல்ல படிச்ச அஞ்சு வருஷம், கான்செப்டா. பால் காசு உன் ஃபீஸுக்குப் போச்சு. தெரிஞ்சா நீ படிப்ப விட்டுட்டு வந்துடுவேன்னு பயந்தாங்க, அப்புறம் நீ மனசு ஒடிஞ்சிடுவேன்னு பயந்தாங்க."

அறுபத்தொன்பது வயது டீச்சர், பிள்ளைகளை நடுங்க வைத்தவள், மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கேவினாள். "நான்... நானா உங்கள... எத்தன தடவ சொல்லியிருக்கேன் அண்ணி! அம்மாது மாதிரி வரல, அம்மாது மாதிரி வரலன்னு... ஐயோ!"

"வரும்னு எனக்குத் தெரியும்" என்றாள் அட்ராக்டா. "ஒவ்வொரு தடவையும் தெரியும். கை துடிக்கும். ஒரு வாரம் உமி ஊறவெச்சா உங்க மூணு பேர் வாயையும் அடைச்சிருப்பேன். ஆனா வாக்கு குடுத்தாச்சே!"

யூஜின் அவள் எதிரில் போய் நின்றான். கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது. துடைக்கவில்லை. "நாப்பத்தோரு வருஷம்... எல்லாத்தையும் முழுங்கிட்டு நின்னியே... இன்னிக்கு ஏன் வாக்க மீறின?"

அவள் நிமிர்ந்தாள். அவ்வளவு உயரமானவள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"நான் எங்க மீறினேன்? நீங்க ஜாடியக் கொண்டு வர்ற வரைக்கும் நான் ஒரு வார்த்தை சொன்னேனா? என் பொண்ணு வந்தா, அவ சாப்பிடற மாதிரி சுட்டேன். கண்டுபிடிச்சது நீங்க!"

முதலில் சிரித்தது ஃபிடெல்மாதான். அழுதுகொண்டே சிரித்தாள். கோட்டு ஒரு கையில் மாட்டியபடி தொங்கியது. யூஜின் திரும்பி அவளைப் பார்த்தான்.

"நான் மாடு வெச்சிருப்பேன்" என்றான்.

"வெச்சுக்கோங்கப்பா."

"வெண்ணெய் திம்பேன்."

"தின்னுங்க. உங்க நெஞ்சு, உங்க கொழுப்பு."

"ஜூன் மாசம் என்னிக்கு?"

அவள் ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒட்டடையும் கண்ணீருமாக இரண்டு பேரும் ஒரே கோலம். "பாட்டி சுட்டதயா நான் சாப்பிடறேன்? நெஜமாவாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "அதேதான்டி... அதே ருசி... என் அம்மா கை!" என்றான் அவன். "இல்ல. உன் அம்மா கை!"

அட்ராக்டாவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும் முன் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கான்செப்டா எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்லை மறுபடி அடுப்பில் போட்டாள். முதல் இரண்டும் கருகின. "தள்ளு, உனக்கு வராது" என்றாள் அட்ராக்டா. ஆனால் எழவில்லை. காலை நீட்டிக்கொண்டு, கருகியதைக்கூட ராணி மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"பெரியப்பா, நீங்க ஒண்ணுமே சொல்லலியே!" என்றாள் ஃபிடெல்மா. "பாட்டி சுட்டது மாதிரி இருக்கா இல்லியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த அஞ்சு வருஷமும் விடிகாலையில் பால் கேன்களை வண்டியில் ஏற்றி சொசைட்டிக்குக் கொண்டுபோனது நான். ஒவ்வொரு கேனும் கழுத்து வரை நிறைந்திருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தவன் நான். குறைந்தால் அம்மாவிடம் கத்துவேன். அடுப்படிக்கு எவ்வளவு மிஞ்சியது என்று நான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

"எங்கம்மா மோர் ஊத்தித்தான் சுட்டா" என்றேன். "உமித் தண்ணி உமித் தண்ணிதான்."

"ஆறு சாப்பிட்டீங்களே!"

"பசி."

தொப்பியை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தேன். பின்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஜாடியின் அடியில் ஓட்ஸ் ஒட்டியிருந்தால் அது ஆயிரம் காரணத்தால் ஒட்டியிருக்கும். கறக்கிற நேரம் ஆகவில்லை. இருந்தும் மழையில் நனைந்துகொண்டு தொழுவத்தைப் பார்த்து நடந்தேன்.