மூச்சு கொடுக்கும் பொடி

கையை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, அந்த டிரம் சுடுகிறது என்று.

கொதிக்கிற சூடு இல்லை. காய்ச்சல்காரன் நெற்றியில் புறங்கையை வைத்தால் தெரியுமே, அந்தச் சூடு. மதியத்திலிருந்து விடாமல் பெய்த மழையில் கிடங்கின் சிமெண்டுத் தரை ஈரம் பூத்துக் கிடந்தது. தகரக் கூரையில் மழை இரைகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சுகூடப் பாதிதான் காதில் விழுந்தது. வரிசையாக நின்ற மற்ற டிரம்கள் தொட்டால் விரல் பின்வாங்குகிற குளிர்ச்சியில் இருந்தன. மூலையில் நின்ற இது மட்டும், உள்ளே யாரோ இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பது போல வெதுவெதுப்பாக இருந்தது.

"சார், இந்த டிரம் சுடுது," என்று கத்தினாள்.

சூப்பர்வைசர் கதவருகே நின்று குடையை உதறிக்கொண்டிருந்தார். "காய்ச்சலா இருக்கும். மாத்திரை குடு."

வாசலை ஒட்டி நின்ற லாரியில் சாய்ந்திருந்த டிரைவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

டிரம்களில் அபாய லேபிள் ஒட்டுவது அவள் வேலை. கிடங்கில் எல்லாருக்கும் அவள் ஒட்டுக்காரி. சிவப்புக் கரை போட்ட லேபிள்கள் சுருள் சுருளாக அவள் மேசையில் இருக்கும். எழுத்துத் தெரியாத காலத்தில் படத்தை வைத்தே ஒட்டினாள். வட்டத்தின் மேல் நெருப்பு. மண்டையோடு. கையை அரிக்கிற சொட்டு. ஆச்சரியக்குறி. பிறகு, நெஞ்சு நட்சத்திரமாக வெடித்த ஆள். தலைமயிர் நரைக்கத் தொடங்கிய வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் அந்தப் படங்களுக்குக் கீழே இருந்த வார்த்தைகள் அவளோடு பேச ஆரம்பித்தன. நெஞ்சு வெடித்த ஆளுக்குக் கீழே இருந்ததை அவள் படித்து முடிக்கவே ஒரு சாயங்காலம் ஆனது. சுவாசித்தால் மூச்சுத்திணறல் உண்டாகலாம். புற்றுநோய் உண்டாகலாம்.

அவள் அண்ணன் செத்து வருஷம் திரும்பியிருந்தது அப்போது.

"எல்லாத்துக்கும் ஆச்சரியக்குறி மட்டும் ஒட்டு," என்றார் சூப்பர்வைசர். "தோல் அரிக்கும், கண்ணு எரியும். அவ்வளவுதான் இந்தப் பொடி. சோப்புத்தூளுக்கே அதைத்தானே ஒட்டுறோம்."

"நெருப்புப் படம் வேணாமா சார்?"

"நெருப்புப் படத்தைப் பாத்தா தனி லாரி கேப்பான். இந்த லாரில பாதிக்குப் பஞ்சு மூட்டை ஏறியாச்சு."

"லேப்காரத் தம்பி நாலு படம் ஒட்டணும்னாரு. நெருப்பு, மண்டையோடு, சொட்டு, நெஞ்சு..."

"அவன் லீவுல போயாச்சு. நீ எப்பம்மா லேப்ல சேந்த?" அவர் டிரைவரைப் பார்த்துக் கண்ணடித்தார். "நாப்பது வயசுல அ, ஆ படிச்சா இப்படித்தான்."

லேப்காரத் தம்பி அந்தச் சோதனையைச் செய்தபோது அவள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தாள். ஆரஞ்சு நிறப் பொடியில் ஒரு கரண்டி, மரக்கூழ்த் தூளில் ஒரு கரண்டி, இரண்டையும் கலந்து சின்னக் கோபுரமாகக் குவித்துச் சூடான கம்பியால் தொட்டான். குவியல் புஸ்ஸென்று எழுந்து நின்று எரிந்தது. எரியும் வேகத்தை வைத்துத்தான் அபாயத்தின் வகையைத் தீர்மானிப்பார்களாம். "இது தானா எரியாதுக்கா," என்றான் அவன். "எரியறதுக்கு மூச்சு குடுக்கும். வெளிக்காத்தே வேணாம், மூடி வெச்சாலும் உள்ளயிருந்து மூச்சு குடுத்துக்கிட்டே இருக்கும். இதே பொடிதான் மனுஷன்கிட்டருந்து மூச்சைப் பிடுங்கும். ரெண்டையும் லேபிள்ல சொல்லணும்."

இன்று காலையில் ஒரு டிரம் தள்ளுவண்டியிலிருந்து விழுந்து பிளந்துகொண்டது. எண்ணெய் கொட்டினால் என்ன செய்வார்களோ அதையே லோடுக்காரர்கள் இதற்கும் செய்தார்கள். மரத்தூளை வாரி இறைத்து, பெருக்கி, எடை குறையக் கூடாதென்று தூளும் பொடியுமாகக் காலி டிரம் ஒன்றில் அள்ளிக் கொட்டி மூடினார்கள். அதுதான் மூலையில் சுடுகிற டிரம். லேப்காரத் தம்பி கரண்டியளவு கலந்து பார்த்ததை இவர்கள் ஒரு டிரம் முழுக்கக் கலந்து வைத்திருக்கிறார்கள்.

அவள் அதையும் சொன்னாள். சூப்பர்வைசருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"இங்க பாரு. ஒட்டச் சொன்னதை ஒட்டு. இல்லன்னா நாளைக்கு வேற ஆள் ஒட்டும். கதவு திறந்திருந்தா ஈரக்காத்துல பொடி கட்டிக்கும், நான் இறக்கிட்டுப் போறேன். முடிச்சதும் தட்டு."

இரும்புக் கதவு கரகரவென்று இறங்கியது. வெளியே பூட்டு மாட்டும் சத்தம்.

கூரையில் மழை. ஒற்றை பல்பு. கீழே நனைந்த சாக்கின் வாடை, இரும்பின் வாடை. அதற்கும் அடியில் நாக்கின் நுனியில் காசு வைத்தது போல ஒரு கசப்பு. அந்தக் கசப்பு அவளுக்கு நன்றாகத் தெரியும். அண்ணன் சட்டையைத் துவைத்த தண்ணீரில் இருந்தது. அவன் குடித்துவிட்டு வைத்த டம்ளரின் விளிம்பில் இருந்தது. இந்தக் கிடங்கில் கொட்டியதையெல்லாம் பெருக்கி அள்ளியவன் அவன்தான், மூக்கில் ஒரு துணிகூடக் கட்டாமல். விரல் முட்டிகளில் பொத்தல் பொத்தலாகப் புண் வந்து, ஆறாமல் குழிகளாகவே நின்றது. பிறகு மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுந்தது. அதன் பிறகு அவன் மூச்சு விட்டாலே விசிலடித்தது. சூப்பர்வைசர்தான் முதலில் அப்படிக் கூப்பிட்டார், "டேய் விசில்!" என்று. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தான். கம்பெனி டாக்டர் சிகரெட்தான் காரணம் என்றார். சிகரெட் பிடிக்கிறவன் பக்கத்தில்கூட நிற்காத மனுஷன் அவன்.

கடைசி மாதங்களில் வீட்டில் அந்த விசில் ஓயவே இல்லை. மெல்லிசாக, நீளமாக, முடிவில் கொஞ்சம் மேலே ஏறி அறுந்துபோகும். அந்தச் சத்தத்திலேயே அவள் தூங்கப் பழகிக்கொண்டாள். ஒருநாள் சத்தம் நின்றதால்தான் விழித்துக்கொண்டாள். அவன் நெற்றியில் புறங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. அவள் கையை எடுக்கவே இல்லை. கைக்கடியிலேயே அது ஆறிப்போனது.

அவள் ஆச்சரியக்குறிச் சுருளை எடுத்தாள். மேசைக்கடியில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"வேற ஆளைக் கூட்டிட்டு வரட்டும்," என்று வாய்விட்டே சொன்னாள். "இன்னைக்கு நான்தான் இருக்கேன்."

முதல் டிரம்மைத் துணியால் துடைத்தாள். நெருப்பு. மண்டையோடு. சொட்டு. நெஞ்சு. காற்றுக் குமிழ் இல்லாமல் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. வேலை சூடு பிடித்தபோது மழை கொஞ்சம் தணிந்தது.

அப்போதுதான் கேட்டது.

டக். டக்.

பெருக்கி முடித்ததும் துடைப்பக் கட்டையை டிரம்மின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டித் தூசி உதிர்ப்பார்களே, அந்தச் சத்தம். அண்ணன் அப்படித்தான் தட்டுவான். ஆனால் அது விளிம்பில் கேட்கவில்லை. உள்ளிருந்து கேட்டது. மூலையிலிருந்து.

தகரம் சூட்டில் விரிந்தால் சத்தம் போடும் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அது உண்மையும்கூட. அவள் ஒட்டிக்கொண்டே இருந்தாள். கண் மட்டும் மூலைக்குப் போய்ப் போய் வந்தது. அந்த டிரம்மின் மூடி விளிம்பில் சாக்கு நூல் ஒன்று சிக்கித் தொங்கியது. கிடங்கில் காற்றே இல்லை. ஆனாலும் நூல் அசைந்தது. மூடிப் பக்கம் இழுபட்டது. நின்றது. வெளியே தள்ளப்பட்டது. நின்றது. மறுபடி உள்ளே.

பிறகு விசில்.

மெல்லிசாக. நீளமாக. முடிவில் மேலே ஏறி அறுந்தது.

கதவுக்கு ஓடிப்போய்த் தட்டலாம். தட்டினால் அவர் திறப்பார். திறந்தால் பார்ப்பார். பார்த்தால் ஒட்டியதையெல்லாம் கிழிப்பார். டிரைவர் ஒன்றும் தெரியாமல், பஞ்சு மூட்டைக்கு நடுவே இந்த மூச்சை ஏற்றிக்கொண்டு போவார்.

"தட்ட மாட்டேன்," என்றாள். "பயமாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

விசில் நின்றது. கவனிப்பது போல.

அவள் ஒட்டினாள். நெருப்பு. மண்டையோடு. சொட்டு. நெஞ்சு. பல்பு ஒருமுறை மங்கி எரிந்தது. டக். டக். அவள் திரும்பவில்லை. நெருப்பு. மண்டையோடு. கசப்பு தொண்டைக்கு இறங்கியது. விசில் மறுபடி கிளம்பியது, இன்னும் பக்கத்தில். அவள் பிடரியில் பட்டது. வெதுவெதுப்பாக.

மூலை டிரம் மட்டும் பாக்கி இருந்தபோது பூட்டு திறந்தது. கதவு ஏறியது. சாயங்கால வெளிச்சமும் மழைச் சாரலும் உள்ளே வந்தன. சூப்பர்வைசர் வரிசையைப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது.

"கழுத, என்ன பண்ணி வெச்சிருக்க?"

"என்ன பொடியோ அதை ஒட்டியிருக்கேன்."

டிரைவர் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "யம்மா! நெருப்புப் படமா? இதையா சார் பஞ்சோட ஏத்தச் சொன்னீங்க? எனக்கு வீட்டுல புள்ளைங்க இருக்கு. வண்டியை எடுத்துட்டுப் போறேன், வேற ஆளைப் பாத்துக்குங்க." அவர் செருப்பு சேற்றில் சளக் சளக்கென்று தூரமானது. லாரி உறுமியது. போயேவிட்டது.

"இரு, இப்பவே கிழிச்சிட்டு வேற லாரி கூப்பிடுறேன்." சூப்பர்வைசர் பாய்ந்து வந்தார். கால் வழுக்கியது. விழாமலிருக்க மூலை டிரம்மின் மேல் கையை ஊன்றினார்.

ஊன்றிய கையை எடுக்கவில்லை அவர்.

நூல் உள்ளே இழுபட்டது. வெளியே வந்தது. விசில் அவர் விரல்களுக்கு நடுவிலிருந்து கிளம்பியது.

"உள்ள... உள்ள யாரு?"

"தெரியலையா சார்?" என்றாள் அவள். "நீங்கதானே பேரு வெச்சீங்க."

டக். டக்.

அவர் கையைப் பிய்த்துக்கொண்டு ஓடினார். குடை தரையில் உருண்டது. வாசல் திறந்தே கிடந்தது. அவளும் போயிருக்கலாம். வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள், ஒரு மூச்சு நேரம். பிறகு மேசைக்குப் போய்க் கடைசி லேபிள்களை உரித்துக்கொண்டு மூலைக்கு வந்தாள்.

நெருப்பு. மண்டையோடு. சொட்டு. மூன்றையும் ஒட்டினாள். இரும்பு கையைச் சுட்டது. மூடியின் ஓரத்தில் புகை மாதிரி ஏதோ நெளிந்தது.

"அண்ணா, சிகரெட்டுன்னு சொன்னாங்க. நான் ஒத்துக்கவே இல்ல. உனக்கு ஒட்ட வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு."

நெஞ்சு வெடித்த ஆளை நீட்டினாள்.

மூடி அசைந்தது. ஒரு விரல் உயரம் எழும்பியது. இடுக்கின் வழியே ஆரஞ்சுத் தூசி பொலபொலவென்று உதிர்ந்தது. அதற்குப் பின்னால் ஒரு கை வந்தது. நகம் வரை ஆரஞ்சு. முட்டிக்கு முட்டி பொத்தல். பொத்தலின் வழியே உள்ளிருந்த இருட்டு தெரிந்தது. உள்ளங்கையை விரித்து, அது காத்திருந்தது.

அவள் ஒட்டினாள். உள்ளங்கையில். காற்றுக் குமிழ் இல்லாமல், அழுத்தித் தேய்த்து.

விரல்கள் மெல்ல மடங்கின. கை உள்ளே போனது. மூடி இறங்கியது.

டிரம்மின் மேல் அவள் புறங்கையை வைத்தாள். எடுக்கவில்லை. கைக்கடியிலேயே சூடு ஆறியது. வெதுவெதுப்பு. ஜில்லிப்பு. வெறும் இரும்பு. விசில் இல்லை. நூல் அசையவில்லை. கொடுக்க வேண்டியது கொடுத்தாயிற்று.

அவள் பெருமூச்சு விட்டாள்.

விசிலடித்தது.

மெல்லிசாக. நீளமாக. அவள் மூச்சை நிறுத்தினாள். அதுவும் நின்றது. மூக்கின் இரண்டு துளையிலும் விரல் விட்டு நடுத்தண்டைத் தொட்டாள். இந்தப் பக்கத்து விரலும் அந்தப் பக்கத்து விரலும் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. விரல் நுனி இரண்டும் ஆரஞ்சு.

அவள் அழவில்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். வேண்டுமென்றே, தெருவுக்கே கேட்கட்டும் என்று, பலமாக விட்டாள்.

விசில் கிடங்கின் கடைசிச் சுவர் வரை போய்த் திரும்பியது.

வரிசையில் இருந்த டிரம்கள் எல்லாமும் உள்ளிருந்து பதில் தட்டின.

டக். டக்.