மழைக் கால்வாயில் மனித வாடை!

போன் அலறியது.

பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள் ரிசீவரை எடுத்தாள். கடல் தண்ணீர் சுத்தமா என்று பார்ப்பது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் 'லேப் அக்கா'.

"அக்கா... மோப்பம் பேசறேன்!"

கால்வாய்ப் பிரிவு மேற்பார்வையாளன். எந்தச் சாக்கடை எது என்று மூக்காலேயே சொல்லிவிடுவான். அதனால் அந்தப் பட்டப்பெயர்.

"சொல்லு."

"கடற்கரைல போய் விழற மழைநீர்க் கால்வாய்... மழை பெஞ்சு மாசக்கணக்காச்சு. காஞ்சு கிடக்கணும். ஆனா தண்ணி ஓடுதுக்கா!"

"யாராவது கார் கழுவியிருப்பாங்க."

"கார் கழுவின தண்ணி இப்படியா நாறும்?"

சாம்பிள் வந்தது. சோதித்தாள்.

மனிதக் குடலில் மட்டுமே குடியிருக்கும் ஒரு கிருமி உண்டு. நாயிடம் இருக்காது. பறவையிடம் இருக்காது. அதன் அடையாளம் அந்தத் தண்ணீரில் அப்பிக் கிடந்தது!

கடற்கரையில் சிவப்புக் கொடி ஏறியது. குளிக்க வந்தவர்கள் திட்டிக்கொண்டே திரும்பினார்கள்.

மறுநாள் இருவரும் கால்வாயைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தார்கள். கிளை பிரியும் இடத்திலெல்லாம் மூடியைத் திறந்து தண்ணீர் எடுத்தார்கள். சுத்தமான கிளையை விட்டார்கள். அசுத்தமான கிளையைத் தொடர்ந்தார்கள்.

அது ஒரு தெருக்கோடியில், ஒற்றை வீட்டின் முன் முடிந்தது.

மாடி ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. சுற்றுச்சுவர் முழுக்கப் பாசி கறுத்திருந்தது.

மோப்பத்தின் முகம் வெளுத்தது.

"ஐயோ... இந்த வீடா?"

"ஏன்?"

"பில்டர் வீடுக்கா! அவர் கட்டின அடுக்குமாடி சரிஞ்சு எத்தனை குடும்பம் போச்சு! அரெஸ்ட் பண்ணப் போறாங்கன்னதும் படகை எடுத்துட்டுக் கடலுக்குள்ள போனார். படகு எரிஞ்சு... கரிக்கட்டையாத்தான் கிடைச்சார். கைக்கடிகாரத்தை வெச்சுத்தான் அடையாளம் சொன்னாங்க. அதுலேர்ந்து இந்த வீட்டுல அவர் நடமாடறார்னு..."

"நடமாடட்டும். பேய் கக்கூஸ் போகாது. வா!"

கதவைத் திறந்தவன் பில்டரின் தம்பி.

"எங்க வீட்டுச் சாக்கடை ஒழுங்கா மெயின் லைன்லதான் போகுது. கிளம்புங்க!"

அவன் முதுகுக்குப் பின்னால், மாடிப்படியில் ஒரு பெண் நின்றிருந்தாள். எப்போது வந்தாள்? காலடிச் சத்தமே கேட்கவில்லை.

"எங்க அண்ணி," என்றான் தம்பி. "அண்ணன் போனதுலேர்ந்து மனசு சரியில்லை."

"அவர் போகலை..."

ஏற்ற இறக்கமே இல்லாத குரல்.

"சுவத்துக்குள்ள தண்ணி ஓடுது... மத்தியானம் ஆனா அவர் குளிக்கிறார்..."

லேப் அக்கா ஓரடி முன்னால் வந்தாள்.

"பார்த்தீங்களா? இதைத்தான் சொன்னேன்!" தம்பி சிரித்தான். கதவை அறைந்து சாத்தினான்.

அடுத்த நாள் அவள் வெறுங்கையோடு வரவில்லை. கையில் நோட்டீஸ். பக்கத்தில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர்.

வீட்டின் ஒவ்வொரு கழிப்பறையிலும் பச்சைச் சாயம் ஊற்றினாள். தெருவில் மோப்பம் காத்திருந்தான்.

"பச்சை வருதா?" செல்போனில் கேட்டாள்.

"மெயின் லைன்ல வருதுக்கா. மழைக் கால்வாய்ல... வெறும் பழுப்புதான்!"

"திருப்தியா?" என்றான் தம்பி.

"எல்லா கக்கூஸையும் காட்டினீங்களா?"

"கக்கூஸை யாராவது ஒளிச்சு வெப்பாங்களா மேடம்?"

அவள் செல்போனைத் தூக்கினாள்.

"மோப்பம்... கால்வாய்ல இருந்து இந்த வீட்டுப் பைப்புக்குள்ள புகை விடு!"

"கக்கூஸ் பைப் வளைவுல தண்ணி நின்னா புகை ஏறாதேக்கா?"

"ஒழுங்கா கட்டின கக்கூஸ்லதான் வளைவு இருக்கும்."

"அப்போ ஏறும்! இந்த ஆள் கட்டின எதுதான் ஒழுங்கு?"

தம்பிக்கு வியர்த்தது.

"புகையெல்லாம் கூடாது! அண்ணிக்கு ஆஸ்துமா!"

"எனக்கு ஆஸ்துமா இல்லை..." என்றது அந்த ஏற்ற இறக்கமில்லாத குரல்.

தெருவில் இயந்திரம் உறுமியது.

வீட்டுக்குள் எல்லோரும் மாடிக்கு ஏறினார்கள். மாடி நடையின் கோடியில் ஓர் அலமாரி. அதற்கு மேலே பில்டரின் பெரிய போட்டோ. கண்ணாடிக்குள்ளிருந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அலமாரியின் அடியிலிருந்து... வெள்ளையாக... நூல் போல ஏதோ கிளம்பியது!

"ஆவி..." சப்-இன்ஸ்பெக்டர் பின்வாங்கினார்.

லொக்!

சுவர் இருமியது.

லொக்... லொக்... லொக்!

"மேடம்... பே... பேய் இருமுமா?"

"நுரையீரல் இருந்தா இருமும் சார்! அலமாரியை இழுங்க!"

தம்பி படிக்கட்டை நோக்கிப் பாய்ந்தான். மேலே ஏறி வந்துகொண்டிருந்த மோப்பத்தின் மேல் மோதினான். இருவரும் கட்டிப் புரண்டு கீழே விழுந்தார்கள். மோப்பம் பிடியை விடவில்லை.

அலமாரி நகர்ந்தது. பின்னால் ஒரு சின்னக் கதவு. புகைக்குள்ளிருந்து தாடியும் ஜடாமுடியுமாக ஓர் உருவம் தவழ்ந்து வந்தது. கண்களில் தாரை தாரையாகத் தண்ணீர்.

போட்டோவில் இருந்த அதே முகம்!

"சுட்டுடாதீங்க... வந்துடறேன்..."

சப்-இன்ஸ்பெக்டர் போட்டோவைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார்.

"அப்போ... படகுல எரிஞ்சது யாருய்யா?"

பில்டர் தலை குனிந்தார். பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது.

"எங்க டிரைவர். அன்னிக்குத்தான் காணாமப் போனான். எவளோடயோ ஓடிட்டான்னு ஊரே சிரிச்சுது. அவன் பொண்டாட்டி இன்னும் வாசக்கதவைத் தாழ் போடாமத் தூங்கறா... அவன் வருவான்னு..."

முதல் முறையாக அந்தக் குரல் உடைந்தது.

அண்ணனையும் தம்பியையும் ஏற்றிக்கொண்டு போலீஸ் வேன் கிளம்பியது. லேப் அக்கா பில்டரின் மனைவியோடு வாசலிலேயே நின்றாள். ஏதோ உறுத்தியது.

"ஒண்ணு மட்டும் புரியலைம்மா. இவ்வளவு நேக்கா ரகசிய அறை கட்டினவர், பைப்பை எப்படிப் போயும் போயும் மழைக் கால்வாய்ல சேர்த்தார்?"

"அவர் மெயின் லைன்லதான் சேர்த்திருந்தார். தம்பி வெளியூர் போன சமயம் பிளம்பரைக் கூப்பிட்டு மாத்திவிட்டது... நான்!"

"நீங்களா?!"

"ஸ்டேஷனுக்குப் போய் அவர் உயிரோட இருக்கார்னு கதறினேன். குடிக்கத் தண்ணி குடுத்து, தம்பியை வரவழைச்சு, அவன்கிட்டயே ஒப்படைச்சுட்டாங்க. அவன் தினமும் மாத்திரை குடுத்துப் படுக்க வெச்சான். வேற வழி தெரியலை. கடலை அசிங்கப்படுத்தினதுக்கு மன்னிச்சுடுங்க..."

லேப் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெல்லச் சிரித்தாள்.

"என்ன பண்றது மேடம்... பொண்டாட்டி பேச்சை நம்பாத ஊரு, புருஷன் கக்கூஸை நம்புதே!"