பழைய கர்னல் சொன்ன சாட்சி

காலை ஒன்பதே கால். பஸ் கம்பெனியின் சர்வர் செத்துக் கிடந்தது. கறுப்புத் திரையில் நாலு வரி வெள்ளை எழுத்து, அவ்வளவுதான் உயிர். வெளியே டிக்கெட் கவுண்டரில் கூச்சல் கூரையைப் பிய்த்தது. எந்த சீட் யாருக்கு என்பது அந்தச் சர்வருக்கு மட்டுமே தெரியும்.

கொலைகாரன் யார் என்பதில் முதலாளிக்குச் சந்தேகமே இல்லை. காலையில் வந்ததும் சர்வரை இயக்கும் அடிப்படை மென்பொருளான கர்னலைப் புதிதாகப் போட்டு ரீஸ்டார்ட் செய்தானே, அந்தப் புது டெக்னீஷியன்தான்.

“மதியத்துக்குள்ள இது எழுந்திரிக்கலைன்னா, நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்!”

பையன் அழுகையை விழுங்கிக்கொண்டு அண்ணிக்குப் போன் செய்தான். அண்ணி இரண்டு தெரு தள்ளி வேறொரு ஆபீசில் இதே வேலை பார்ப்பவள். வீட்டில் சாவி காணோம் என்றாலும் சரி, டப்பாவில் சர்க்கரை குறைகிறது என்றாலும் சரி, ஆளைப் பிடித்துவிடுவாள். ‘சிஐடி’ என்று பட்டம் கொடுத்ததே மாமியார்தான். மாமியார் சர்க்கரை நோயாளி.

சிஐடி வந்தாள். கீபோர்டைத் தொடவில்லை. விசாரணையில் இறங்கினாள்.

“பழைய கர்னலை அழிச்சிட்டியா?”

“இல்ல அண்ணி. அதை வச்சும் கிளப்பிப் பார்த்தேன். அதுவும் இதே இடத்துலதான் நிக்குது.”

“உடனே நிக்குதா?”

“இல்ல, ஒன்றரை நிமிஷம் சும்மா இருந்துட்டு நிக்குது.”

அண்ணியின் புருவம் ஏறியது. சர்வரின் முகப்பில் வரிசையாக டிஸ்க்குகள். ஒரு பொந்து மட்டும் காலி.

“இது எப்பலேர்ந்து காலி?”

பையன் விழித்தான். முதலாளி முந்திக்கொண்டார். “அதுவா? சும்மா கிடந்த டிஸ்க். கேமரா பெட்டிக்கு வேணும்னு போன வருஷம் நான்தான் உருவினேன். மிஷின் பாட்டுக்கு ஓடிச்சு, ஒண்ணும் ஆகல. வாங்கினதுலேர்ந்து இதை நாங்க அணைச்சதே இல்ல மேடம். இவன் கை வச்சான், போச்சு!”

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவும் இல்லை.

“காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் சார். காக்கா இவன். மரத்தை உலுக்கி வச்சது நீங்க.”

“நானா?”

“புதுக் கர்னல்ல கோளாறுன்னா பழையது எழுந்திருக்கணும். ரெண்டும் ஒரே இடத்துல விழுந்தா, குத்தம் கர்னல் மேல இல்ல. அந்த ஒன்றரை நிமிஷம் அது சும்மா இல்ல சார், தேடிக்கிட்டு இருக்கு. கிளம்பும்போது இந்தந்த டிஸ்க்கைத் தேடிச் சேர்த்துக்கோன்னு அதுக்குச் சொல்லி வச்சிருக்கு. அதுல ஒண்ணை நீங்க உருவிட்டீங்க, சொன்னதை யாரும் மாத்தல. ஓடுற வரைக்கும் அது தேடாது. திரும்பக் கிளம்புறப்பதான் தேடும். ஒரே ஒரு தடவை அணைச்சுப் பார்த்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம் நடந்தது போன வருஷம், பழி விழுந்தது இன்று காலை.

“தம்பி, நீயே பண்ணு,” என்றாள் அண்ணி. டிஸ்க்குகளின் பட்டியல் இருந்த கோப்பைத் திறந்து, இல்லாத டிஸ்க்கைத் தேடச் சொன்ன அந்த ஒற்றை வரியை அவன் முடக்கினான். ரீஸ்டார்ட். புதுக் கர்னல்தான். இந்த முறை திரை எங்கும் நிற்கவில்லை. மளமளவென்று வரிகள் ஓடின. வெளியே கவுண்டரில் பிரிண்டர் கரகரக்க, யாரோ விசிலடித்தார்கள். பையனுக்குச் சந்தோஷத்தில் முகம் காது வரை சிவந்துவிட்டது.

அவன் எழுந்து முதலாளிக்கு நேராக நின்றான்.

“சார், இனிமே இந்த ரூம்ல ஒரு ஸ்க்ரூவைக் கழட்டுறதா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் கழட்டணும்.”

அண்ணிக்கே ஒரு கணம் பக்கென்றது.

“சரிப்பா,” என்றார் முதலாளி.