அளவு பிளவுஸ்

பிளவுஸின் இடது தோள் கீழே இறங்கி நின்றது. ரேஷ்மி கண்ணாடி முன்னால் நின்று அதை மேலே இழுத்துவிட்டாள். கையை எடுத்ததும் மறுபடி இறங்கியது. வலது பக்கம் கச்சிதமாக இருந்தது. இடுப்பில் கொஞ்சம் பிடித்துத் தரச் சொல்லித்தான் கொடுத்திருந்தாள். தோளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தப் பக்கத்துப் பெண்கள் தையல்காரி முன்னால் டேப்புக்கு நின்று கொடுப்பது அபூர்வம். உடம்போடு ஒட்டி நிற்கிற பழைய பிளவுஸ் ஒன்றையும் பையில் போட்டுக் கொடுத்துவிட்டால் போதும், அதுதான் அளவு. பிறகு ஆளே தேவையில்லை. ரேஷ்மியும் பழைய மஞ்சள் பிளவுஸ் ஒன்றை அளவுக்கு வைத்தாள். பையை அவளுடைய புருஷன் சுதீஷ்தான் கொண்டு கொடுத்தான். பாலராமபுரத்துக் கைத்தறிக் கடையில் அவனுக்கு வேலை. காலையில் பைக்கில் போகிற வழியில்தான் சாராம்மாவின் தையல் அறை.

"சாராம்மா சேச்சிக்கு அளவு தப்பாது," என்றான் அவன். "நீதான் மெலிஞ்சு போன."

நம்பினாள். களியக்காவிளை எல்லைக்கு அந்தப் புறத்துத் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்து உதியன்குளங்கரைக்குக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவன் சொன்னதையெல்லாம் நம்பித்தான் இருந்தாள். முதல் மனைவி சுமி காய்ச்சலில் செத்துப்போனதைப் பெண் பார்க்க வந்த அன்றே மறைக்காமல் சொன்னவன் அவன். இப்படி ஒருவன் வேறு எதை மறைக்கப் போகிறான் என்று அவளுடைய அம்மாகூடச் சொன்னாள்.

பையைத் திரும்பக் கொடுத்தாள். வந்தது. இடது தோள் இன்னும் இறங்கியிருந்தது, மார்பில் பிடித்தது, கை நீண்டு கிடந்தது. மறுபடி கொடுத்தாள்.

மத்தியான நேரத்தில், ரப்பர் மரங்களுக்கு அப்பால் சாராம்மாவின் மெஷின் ஓடுகிற சத்தம் மழைச் சத்தத்தோடு கலந்து, கொடியில் காயாமல் தொங்கும் ரப்பர் ஷீட்டுகளின் புளித்த வாடையோடு ஜன்னல் வழியாக மெதுவாக வீட்டுக்குள் வரும். அப்போது அவளுடைய இடது விலாவில் ஒரு பிடிப்பு வரும். மெஷின் நின்றால் பிடிப்பும் நிற்கும். வாயு என்று நினைத்து வெள்ளைப்பூண்டு சுட்டுத் தின்றாள். மெஷின் மறுபடி ஓடியது. பிடித்தது.

பிறகு ஒரு நாள் அந்த பிளவுஸ் சரியாக இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. ரேஷ்மிக்குச் சந்தோஷம்கூட வந்தது. வாசலில் நின்று பார்த்த சுதீஷின் கண் நிறைந்தது. கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து அவன் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை.

அவன் போனபின் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய சுடிதாரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அது எந்தத் தையல்காரியின் கைக்கும் போகாத உடுப்பு. இடது தோளில் நிற்காமல் நழுவியது. மணிக்கட்டு வரைக்கும் வந்துகொண்டிருந்த கை, இப்போது மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தாள். துணியில் கோளாறு ஒன்றும் இல்லை. சரிந்திருந்தது அவளுடைய தோள்.

குடையைக்கூட எடுக்காமல் ரப்பர் தோட்டத்துக்குள் நடந்தாள். சாராம்மாவிடம் கேட்டால் தெரிந்துவிடும். அந்த ஊரில் அவளுக்கென்று இருந்த ஒரே ஆள் சாராம்மாதான். புருஷன் தூக்கத்தில் வேறு பெயர் சொல்லுவதைக்கூட அவளிடம்தான் சொல்லி அழுதிருந்தாள்.

அறைக்குள் கரண்ட் இல்லை. மெஷின் எண்ணெய் வாடை. மழை இருட்டில் சாராம்மா காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். சுவரில், ஆணியில் ஒரு பச்சை பிளவுஸ் தொங்கியது. அக்குளில் வியர்வைக் கறை. இடது தோள் இறங்கியிருந்தது.

"சேச்சி, இது ஆருக்க பிளவுஸு?"

"அளவு பிளவுஸாக்கும்."

"இது எனக்கது இல்லியே. நான் குடுத்து விட்டது மஞ்சள்."

சாராம்மா மிதிப்பதை நிறுத்தவில்லை. "மஞ்சள் இஞ்ச வந்ததே இல்ல மக்கா. சுதீஷ் தந்தது இதுதான். சுமிக்க அளவு."

ரேஷ்மி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் பையைக் கையில் வாங்கி, சிரித்து, வழியில் எங்கோ பைக்கை நிறுத்தி, அவளுடையதை எடுத்துவிட்டுச் செத்தவளுடையதை வைத்திருக்கிறான். வீட்டில் அவளுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறான். அதைவிட இது வலித்தது: மஞ்சள் பிளவுஸ் எது, பச்சை எது என்று தெரிந்தும் இந்தச் சேச்சி வாயைத் திறக்கவில்லை.

"உங்களுக்கு முதல்லயே தெரியும் இல்லியா? நான் உங்கள நம்பித்தானே எல்லாத்தையும் சொன்னேன்?"

"தெரியும் மக்கா." மெஷின் நின்றது. விலாவில் பிடிப்பு நிற்கவில்லை. "அவன் அழுதா எனக்குத் தாங்காது. சின்னதுல இருந்து நான் எடுத்து வளத்த பயல். துணியப் பிடிச்சுப் பிடிச்சுப் பாத்தாச்சு. இனி துணியில பிடிக்க இடமில்ல."

ரேஷ்மி திரும்பினாள்.

வாசலில் சுதீஷ். நனைந்திருந்தான். வேலைக்குப் போகவே இல்லை போலிருந்தது. கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள்.

"நான் வீட்டுக்குப் போறேன். எங்க அம்மைக்க வீட்டுக்கு."

"போலாம் மக்கா. கொஞ்ச நேரம்," என்றான். அன்பாகத்தான் சொன்னான்.

பின்னாலிருந்து பிடித்தான். வலிக்கவில்லை. இடது தோளை மட்டும் கொஞ்சம் கீழே அழுத்தினான். கத்தினாள். ஓட்டில் மழை. சத்தம் அவள் காதுக்கே வரவில்லை.

சாராம்மா சுடிதாரை மேலே தூக்கினாள். துணியில் கோடு போடுகிற நீலச் சாக்பீஸ். குளிர்ந்தது. இடுப்பில் ஒரு கோடு. விலாவில் ஒரு கோடு.

"அசையாத மக்கா. கோணிப் போவும்."

ஊசி இறங்கியது. வலி இல்லை. ரத்தமும் இல்லை. வலித்திருந்தால் தேவலை.

நூலை இழுத்தாள். ரேஷ்மி குனிந்து பார்த்தாள். இடுப்புச் சதை ஒரு மடிப்பாகச் சேர்ந்து, தையலுக்குள் அடங்கி, நேராக நின்றது. சாராம்மா முகத்தை அருகில் கொண்டுவந்து நூலைப் பல்லால் கடித்தாள். சுதீஷ் கை நீட்டி அந்த மடிப்பைக் கட்டைவிரலால் நீவிவிட்டான். கடையில் புதுச் சேலையை நீவுகிற அதே விரல்.

"இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் பிடிக்கணும் சேச்சி," என்றான்.