முப்பத்திரண்டாவது ஊசி

ஊசி உள்ளே இறங்கியபோது அந்தக் கை இழுத்துக்கொள்ளவில்லை.

இருபத்தோரு வருட வேலையில் அவள் தூங்குகிறவர்கள் எத்தனையோ பேருக்கு ஊசி போட்டிருக்கிறாள். எவ்வளவு அசந்து தூங்கினாலும் உடம்பு சும்மா இருக்காது. தோள்பட்டை ஒருமுறை சிலிர்த்துக்கொள்ளும், மூச்சு தடுமாறும், வாய் எதையாவது முணுமுணுக்கும். இந்தக் கை எதுவும் செய்யவில்லை. போர்வைக்கு வெளியே நீண்டு, அவள் வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது. ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கும்போதே கவனித்தாள், தோல் சில்லென்று இருந்தது. மழை நேரம், ஜன்னல் ஓரம், வயதான உடம்பு, அதனால்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஊசியை உருவிய பிறகு பஞ்சை அழுத்திப் பார்த்தாள். ஒரு புள்ளி ரத்தம்கூட இல்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது பஞ்சு. அதை மறுபடி அந்த இடத்திலேயே வைத்தாள்.

மணி இரண்டேகால். திரைச்சீலை இழுத்துவிடப்பட்டிருந்தது. வெளியே அடித்த மழையில் பகல் வெளிச்சம் சாம்பல் கரைத்த தண்ணீர்போல அறைக்குள் தேங்கி நின்றது. படுத்திருந்தவர் காதுவரை போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தார். வழக்கமாக அவர் கதவோரக் கட்டிலில்தான் படுப்பார். இன்று ஜன்னலோரக் கட்டிலுக்கு மாறியிருந்தார். காற்றுக்காக இருக்கலாம். அவள் அதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை.

ஏனென்றால் அவள் செய்தது திருட்டுத்தனம்.

அந்த முதியோர் இல்லத்தில் முப்பத்திரண்டு பேர். மாத முடிவுக்குள் அத்தனை பேரும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், போடாதவர்களை வைத்திருக்கக் கூடாது என்று சுகாதாரத் துறையிலிருந்து உத்தரவு. சரிபார்க்க இன்று மூன்று மணிக்கு அதிகாரி வருகிறார். முப்பத்தோரு பேருக்குப் போட்டாகிவிட்டது. பாக்கி ஒருவர், ரேடியோக்காரர். நாற்பது வருடம் ரேடியோ பழுதுபார்த்த மனிதர். இங்கே யாரும் அவரை வேறு பெயரில் கூப்பிட்டதில்லை. அவள் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் ஒரே பதில்.

"வேண்டாம்மா. நீ நல்ல பொண்ணு, உன்மேல எனக்கு வருத்தமில்ல. ஆனா என் கையைத் தொடாதே."

"போடலைன்னா உங்களை இங்க வெச்சுக்க முடியாதுங்கய்யா. சட்டம் அப்படி."

"எனக்கு முன்னாடி போட்டிருக்க வேண்டியவங்க இந்த மாடியில எத்தனை பேர் இருந்தாங்க! அவங்களுக்கெல்லாம் வராதது எனக்கு மட்டும் எதுக்கு?"

நேற்று அவருடைய மகளிடம் போனில் பேசினாள். மறுமுனையில் குழந்தை அழும் சத்தம், பாத்திரம் விழும் சத்தம். "எப்படியாவது போட்டுடுங்க சிஸ்டர். இருக்கறது ஒரே ரூம், அதுல நாங்க அஞ்சு பேர். அப்பாவை எங்க படுக்க வைப்பேன் சொல்லுங்க?" மேனேஜரிடம் சொன்னபோது அவர் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார். "மத்தியானம் சாப்பிட்டுட்டு நல்லா தூங்குவாரு இல்ல? தூங்கறவருக்கு எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். நான் ஒண்ணும் சொல்லல."

அதனால்தான் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மாடி ஏறினாள். அதனால்தான் இப்போது, காலி ஊசியைத் தட்டில் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி அந்த அறையிலிருந்து வெளியே வந்தாள்.

கீழே வந்து பதிவேட்டைத் திறந்தாள். நேரம், மருந்துக்குப்பியின் எண், இடது கை. முப்பத்திரண்டாவது வரி நிரம்பியது. எல்லாம் முடிந்தது, இனி யாரையும் வெளியே அனுப்ப வேண்டாம் என்று பேனாவைக் கீழே வைக்கும்போது சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது.

கரகரவென்று, ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காத ரேடியோ மாதிரி. அந்தச் சிரிப்பு இந்த வீட்டில் ஒருவருக்குத்தான் உண்டு.

எழுந்து போய்ப் பார்த்தாள். அவள் மருந்தறையில் இருந்தபோதே, அதிகாரி வந்து தலை எண்ணுவதற்காக எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். மூலை மேஜையில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார் ரேடியோக்காரர். அரைக்கைச் சட்டை. இடது கையை மேஜைமேல் ஊன்றியிருந்தார். அதில் பிளாஸ்திரி இல்லை, புள்ளி இல்லை.

"எப்பய்யா கீழ வந்தீங்க?" அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது.

"சாப்பிட்டதிலேருந்து இங்கதான் இருக்கேன். இவர்கிட்டயே கேளு. மூணு ஆட்டம் தோத்தாச்சு, எழுந்திருக்க விட மாட்டேங்கறார்."

எதிரே இருந்த கிழவர் பெருமையாகத் தலையாட்டினார். ரேடியோக்காரரின் பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கி, செருப்பில்லாத அவள் பாதங்களுக்குப் போய், மறுபடி முகத்துக்கு வந்தது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"என்னைத் தேடி மேல போனியா?"

அவள் ஒரு பாதத்தை இன்னொரு பாதத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"தூங்கறப்போ போட்டுடலாம்னு பார்த்தியா?"

"ஐயா…"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் சீட்டுகளை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார். "யாருக்கும்மா போட்ட?"

கூடத்தைச் சுற்றி எண்ணினாள். சக்கர நாற்காலிகளில் ஆறு பேர். ஜன்னலோர வரிசையில் ஒன்பது. மேஜைகளைச் சுற்றிப் பதினேழு. மறுபடி எண்ணினாள். முப்பத்திரண்டு. படுக்கையைவிட்டு எழவே முடியாத பெரியம்மாவைக்கூடத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து ஜன்னலோர வரிசையில் சேர்த்திருந்தார்கள். வேலைக்காரர்கள் எல்லோரும் கண்முன்னே இருந்தார்கள். ஆயா வாசலில் மிதியடியை உதறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மேல யாராவது இருக்காங்களா? விருந்தாளி, யாரோட சொந்தக்காரங்களாவது?"

"ஒரு ஈ காக்கா கிடையாது சிஸ்டர். ஒண்ணரை மணிக்கே எல்லாரையும் இறக்கி, விளக்கெல்லாம் அணைச்சுட்டு வந்தேன். ஏன், முகமெல்லாம் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் ஆளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூச்சு முட்டலாம், மயக்கம் வரலாம். போட்டவள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். யாராக இருந்தாலும், வழி தெரியாமல் தெருவிலிருந்து ஏறிவந்து படுத்துவிட்ட யாரோ ஒரு நோயாளியாகவே இருந்தாலும், அவள் கையால் மருந்து போன உடம்பு அது. அந்தச் சில்லிப்பு நினைவுக்கு வந்தது. ரத்தம் வராத பஞ்சு. கேட்காமல் குத்தி, உயிரோடு இருக்கிறாரா என்றுகூடப் பார்க்காமல் ஓடிவந்திருக்கிறாள்.

கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

அவசர மருந்துகள் வைத்திருந்த எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டாள். மாடிப்படியின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது மேலே நடை இருண்டு கிடந்தது. கூரையில் மழை, குழாய்களில் இறங்கும் தண்ணீர், கூடத்திலிருந்து நாற்காலிகள் இழுபடும் சத்தம். ஒவ்வொரு படி ஏறும்போதும் கீழ்ச் சத்தம் ஒரு பிடி குறைந்தது, யாரோ காதில் பஞ்சு அடைப்பது போல. பாதிப் படியில் அந்த வாசனை வந்தது.

அவளுக்குத் தெரிந்த வாசனை. போன குளிர்காலத்தில் இரண்டு மாதம் அவள் முடியிலும் உடுப்பிலும் ஒட்டிக்கிடந்த வாசனை. வெந்நீர் ஆவியும், மருந்துத் தைலமும், மாற்றிப் போட ஆளில்லாத படுக்கைவிரிப்பும், பல நாள் காய்ச்சலில் புளித்த மூச்சும் கலந்தது. அந்தக் காய்ச்சல் இந்த மாடியில் பதினொரு பேரைக் கொண்டுபோனது. எந்த அறை, எந்தக் கட்டில் என்று அவளுக்கு மனப்பாடம். அப்போது தடுப்பூசி வந்துகொண்டிருந்தது. வந்துவிடும், வந்துவிடும் என்று தினமும் அவள்தான் அவர்களிடம் சொன்னாள். ரேடியோக்காரரின் அறையில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்த தையல்காரர் ஒவ்வொரு காலையும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "இன்னிக்காவது வருமா சிஸ்டர்? நான் ரெடி." பதினோராவதாகப் போனவர் அவர். மருந்துப்பெட்டி வந்தது அதற்கு ஒன்பதாம் நாள்.

சுவரைத் தடவி ஸ்விட்சைப் போட்டாள். விளக்கு எரியவில்லை.

அறைக் கதவு அவள் சாத்திவிட்டு வந்தபடியே இருந்தது. தள்ளினாள். ஜன்னலோரக் கட்டில் காலி. போர்வை ஒரு பக்கமாக விலக்கிப் போடப்பட்டிருந்தது, எழுந்து போனவர் மறுபடி வந்து படுக்கப்போவது போல. தலையணையில் குழிவு. பதறியபடி குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். குளியலறையில் பார்த்தாள். யாரும் இல்லை. மெத்தையில் கையை வைத்தாள்.

சில்லென்று இருந்தது. ஈரம் இல்லாத குளிர். நீள வாட்டில், ஆள் படுத்த அளவுக்கு.

"யாருங்க? எங்க இருக்கீங்க?" என்றாள். "பயப்படாதீங்க. நான் சிஸ்டர்தான். உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்."

பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள்.

வறட்டு இருமல். நெஞ்சுக்கு அடியிலிருந்து சுரண்டிக்கொண்டு வருகிற இருமல். அது அடங்குவதற்குள் எதிர் அறையில் ஒன்று. அப்புறம் நடையின் கடைசியில் ஒன்று. அவள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். தட்டில் இருந்த சின்னக் கண்ணாடிக் குப்பிகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன.

இருமல் நின்றது. பேச்சு தொடங்கியது.

சுவருக்கு அந்தப் பக்கம், வயதானவர்கள் கட்டிலில் படுத்தபடி ஒருவருக்கொருவர் சேதி சொல்லிக்கொள்வார்களே, அந்தக் குரல். தொண்டையைத் தாண்டாத குரல்.

"வந்தாச்சாம்."

"நிஜமாவா?"

"அவருக்குப் போட்டாச்சாம். இப்பதான் சொல்லிட்டுப் போறார்."

"நமக்கு?"

"எல்லாருக்கும்தான்."

அந்தச் சேதி அறை அறையாக நகர்ந்தது. பக்கத்து அறையிலிருந்து எதிர் அறைக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு. வந்தாச்சாம். வந்தாச்சாம். மழைச் சத்தத்துக்குள் புகுந்து, தேய்ந்து, நடையின் மறுகோடியில் யாரோ ஒரு பெண் குரல் நிம்மதியாக மூச்சு விடுவதோடு நின்றது.

அவள் வெளியே வந்தாள். ஓட வேண்டும் என்றுதான் வந்தாள்.

நடையின் இரண்டு பக்கமும் கதவுகள் திறந்திருந்தன. வரும்போது மூடியிருந்த கதவுகள். பார்க்காதே என்று நினைத்தாள். பார்த்தாள்.

எதிர் அறையில், வலது கட்டில். காதுவரை போர்த்திய உருவம். முகம் சுவர்ப்பக்கம். போர்வைக்கு வெளியே ஒரு கை.

அடுத்த அறை. இரண்டு கட்டிலிலும். இரண்டு கைகள்.

அதற்கடுத்தது. வளையல் தழும்புள்ள மெலிந்த கை. ரவிக்கைக் கை தோள்வரை சுருட்டப்பட்டிருந்தது.

எண்ணாதே. எண்ணினாள். பத்து. எந்தக் கட்டில்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு கட்டில்கூட மாறவில்லை.

எல்லாமே இடது கை. எல்லாமே தளர்வாக. வலிக்காமல் இருக்க எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாளோ, அப்படி.

"இல்ல," என்றாள். "என்கிட்ட இல்ல. தீர்ந்து போச்சு."

கைகள் அசையவில்லை. காத்திருந்து பழகிய கைகள்.

பின்வாங்கினாள். ஓர் அடி. இன்னோர் அடி. வெறுங்காலுக்கு அடியில் தரை கல்லாகக் குளிர்ந்தது. முதுகுக்குப் பின்னால் மாடிப்படி. பதினெட்டே படி. கீழே வெளிச்சம், மனிதர்கள், சீட்டு விளையாட்டு. கீழே ஆயா அவளைக் கூப்பிடுவது கேட்டது. ரொம்ப தூரத்திலிருந்து. "சிஸ்டர், அதிகாரி இப்பவே வந்தாச்சு! சிஸ்டர்!"

திரும்பினாள்.

மேல்படியில் தையல்காரர் நின்றிருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, அவள் வைத்த பஞ்சை இன்னும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார். மற்றவர்களுக்கு வழிவிடுகிறவரைப் போலச் சுவரோடு ஒதுங்கி நின்றார்.

அவருக்குக் கீழே படிக்கு ஒருவராக அவர்கள் நின்றார்கள். அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. இந்த வீட்டில் இருந்தவர்கள் இல்லை. வேறு வீடுகளின் போர்வைகளைப் போர்த்திக்கொண்டு, வேறு இல்லங்களின் எண் எழுதிய பட்டைகளை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, கிழவர்களும் கிழவிகளும், ஒருவர் தோளுக்குப் பின்னால் ஒருவராக. யாரும் முண்டவில்லை. யாரும் முணுமுணுக்கவில்லை. வரிசை படியிறங்கி, திருப்பத்தில் வளைந்து, திறந்த வாசல் வழியாக மழைக்குள் போயிருந்தது. அதன் கடைசி ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை. அத்தனை பேரும் இடது கையைத் தோள்வரை திறந்து வைத்துக்கொண்டு, அவள் கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.