பின்னால் பார்க்கும் விளக்கு

மழை விட்டு வெகு நாளாகியும் பின்னாலிருந்து ஈர மழைக்கோட்டின் வாடை வந்தது.

மூடிக் கிடக்கும் பெட்ரோல் பங்கைத் தாண்டியதும்தான் அது ஆரம்பிக்கும். துவைத்துக் காயாமல் மடித்து வைத்த துணியின் புளித்த ஈரமும், பழைய ரப்பரின் காட்டமும் கலந்து, அவள் பிடரிக்குப் பக்கத்தில் யாரோ நிற்பதைப்போல வரும். கூடவே சைக்கிள் மிதி கனத்துவிடும். சமதரைதான், ஆனாலும் மேடு ஏறுகிற மாதிரி தொடை கடுக்கும். டயரில் காற்று குறைச்சலோ என்று பலமுறை இறங்கி அழுத்திப் பார்த்துவிட்டாள். காற்றுக்கு ஒரு குறையும் இல்லை. திரும்பிப் பார்த்தால் சாலையில் ஈ காக்கை இருக்காது. கேரியரில் மகள் வண்டு எதையோ முனகிப் பாடிக்கொண்டிருப்பாள். ஓயாத ரீங்காரத்துக்காகத்தான் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர். அந்த இடம் வந்ததும் அம்மாவின் இடுப்பில் பிடி இறுகும். பிள்ளைக்கும் பயம் தொற்றிக்கொண்டது என்று நினைத்து அவள் இன்னும் வேகமாக மிதிப்பாள்.

அது யாருடைய மழைக்கோட்டு என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. வெயிலடித்தாலும் குளிர்காற்று ஆகாது என்று மழைக்கோட்டோடு திரிகிற ஒரே ஆள் அவளை விட்டுப் பிரிந்த கணவன்தான். பிள்ளை அம்மாவிடம் இருக்கட்டும் என்று தீர்ப்பான அன்று, படிக்கட்டில் அவளைக் கடந்துபோகும்போது, இப்போதைக்கு வைத்துக்கொள், எப்படியும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவன். கத்தியிருந்தாலாவது பயம் குறைந்திருக்கும். சிரித்த முகமாகச் சொன்னான்.

வக்கீலம்மாவிடம் சொன்னாள். வாடையையும் மிதி கனப்பதையும் எந்த நீதிபதியிடம் காட்டுவது, அவன் பின்னால் வருவது படமாக இருந்தால் எடுத்துக்கொண்டு வா என்றார் அவர். அதனால்தான் சைக்கிள் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் கேமரா வைத்த பின்விளக்குகளில் மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். முதலாவதில் வெளிச்சம் பிரமாதம், படம்தான் சேற்றில் எடுத்ததுபோல் இருந்தது. இரண்டாவதில் படம் தெளிவு, ஆனால் வீட்டுக்குப் போய் கார்டை உருவினால்தான் பார்க்க முடியும். மூன்றாவது பார்வைக்குத் தீப்பெட்டி அளவுதான். சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே படம் பிடிக்கும், ஓடும்போதே போனில் பார்க்கலாம். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள் அவள், சும்மா விடுவாளா? ஓரத்தில் நிற்கிறவன் முகம் இழுபடுமா, இருட்டில் அடையாளம் தெரியுமா, கிட்டத்தில் இருப்பது எட்டத்தில் இருப்பதுபோல் காட்டுமா என்று துருவித் துருவிக் கேட்டாள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை என்று அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது விசாரிக்காமல் விட்டதுதான் இப்போது இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

மூன்றாவதையே வாங்கினாள். பிள்ளை உட்காருகிற வண்டி என்பதால் கேரியரின் பின் கம்பியில், சாலையைப் பார்க்க, பட்டை போட்டு இறுக்கிக் கொடுத்தார்.

அன்று மாலை ஓவிய வகுப்பிலிருந்து வண்டுவை ஏற்றிக்கொண்டு வந்தாள். பங்கைத் தாண்டியதும் வாடை. கனம். இறுகும் பிடி. வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள். விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஒரு நாய் குறுக்கே நடந்தது. மனிதர் யாரும் இல்லை. பங்கு வந்தபோது மட்டும் படம் திடீரென்று குனிந்தது. வானம் மேலே நழுவி மறைய, தார்ச்சாலை முழுத் திரையையும் அடைத்துக்கொண்டது. வீட்டு வாசல் வரை அப்படியே இருந்தது.

மறுநாளும் அதே இடத்தில் குனிந்தது. அதற்கடுத்த நாளும்.

பட்டை தளர்ந்துவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனாள். அவர் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது இம்மியும் அசையவில்லை. படத்தையும் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்தார்.

"பட்டை நல்லாத்தான் இருக்கு மேடம். பின்னாடி வெயிட் ஏறினா டயர் அமுங்கும், கேமராவும் குனியும். வழியில இன்னொரு ஆளையும் ஏத்திக்கிறீங்களா?"

"என் பொண்ணு மட்டும்தான்."

சீட் தண்டில் மாட்டினால் ஆட்டம் குறையும், பாதி படத்தைப் பிள்ளை மறைத்தாலும் இரண்டு பக்கமும் சாலை தெரியும் என்று சொல்லி, கழற்றி அங்கே மாட்டினார். அவள் போனை எடுத்துச் சரிபார்த்தாள். காலியான கேரியரும் அதற்கப்பால் கடை வாசலும் பளிச்சென்று தெரிந்தன.

வகுப்புக்குப் போகும் வழியில் ஓரமாக நிறுத்தி நாத்தனாரை அழைத்தாள். உங்கள் அண்ணனிடம் சொல்லி வையுங்கள், இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போகிறேன் என்றாள்.

"அண்ணி, அண்ணன் கால ஒடச்சுக்கிட்டு ஒரு மாசமா எங்க வீட்லதான் படுத்திருக்கான். பாத்ரூமுக்கே நாங்கதான் தூக்கிட்டுப் போறோம்."

பொய் என்றாள் அவள். நாத்தனார் வீடியோவில் காட்டினாள். தொடை வரை மாவுக்கட்டு. தாடி மண்டிய முகம். கதவுக்குப் பின்னால் ஆணியில் மழைக்கோட்டு, தூசி படிந்து, மொடமொடவென்று காய்ந்து தொங்கியது.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவனாக இருந்தால் திட்டலாம், வழக்குப் போடலாம், செருப்பைக் கழற்றலாம். அவன் இல்லையென்றால்?

வேறு பாதை சுற்று, அங்கே விளக்கும் இல்லை. வண்டு ஏறி உட்கார்ந்ததும் அவள் போனைக் கைப்பிடியில் செருகிக்கொண்டு புறப்பட்டாள். திரை அணைந்திருந்தது. பார்க்கத் தைரியம் வரவில்லை. காற்றில் காய்ந்த இலை சரசரத்தது. சங்கிலி ஒரே சீராக உரசியது. பின்னால் வண்டுவின் ரீங்காரம். பங்கின் தகரக் கூரை இருட்டாக வந்து, இருட்டாகவே கடந்துபோனது.

வாடை.

மிதி கனத்தது. இடுப்பில் பிடி இறுகியது.

"வண்டு, அம்மாவ இவ்ளோ இறுக்காதடா. மூச்சு முட்டுது."

ரீங்காரம் நின்றது.

"நான் பிடிக்கவே இல்லம்மா. ரெண்டு கையும் டிராயிங் போர்டுல இருக்கு. மிஸ் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகச் சொன்னதுலேருந்து இப்படித்தானே வரேன்?"

கால் தானாக நின்றது. வண்டி உருண்டுபோய் ஒரு விளக்குக் கம்பத்துக்குச் சற்று முன்னால் நின்றது. கட்டைவிரலால் திரையைத் தொட்டாள்.

சிவப்பு மின்னியது. வண்டுவின் சட்டைப் பொத்தான்கள். மடியில் குறுக்காகப் பலகை. பலகையைப் பிடித்த இரண்டு குட்டிக் கைகள்.

இருட்டு.

சிவப்பு. வண்டுவின் இரண்டு விலாவையும் ஒட்டி, அவளுக்குப் பின்னாலிருந்து, நீளமான ஈர மழைக்கோட்டுக் கைகள் இரண்டு முன்னால் வந்திருந்தன. கேமராவின் இரு பக்கமும் கடந்து, அம்மாவின் இடுப்பு வரை.

இருட்டு.

கேரியரின் பின் கம்பியிலிருந்து சாலையைப் பார்த்த விளக்கு இதை எப்படிப் பார்த்திருக்கும்? இது கம்பிக்கு இந்தப் பக்கம் அல்லவா உட்கார்ந்து வந்திருக்கிறது. பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு.

அவள் குனிந்து இடுப்பைப் பார்க்கவில்லை. திரும்பவும் இல்லை. குரலை மட்டும் எப்படியோ சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

"வண்டு. இறங்கி அந்த லைட்டுக்குக் கீழ போய் நில்லு."

"ஏம்மா?"

"போடா கண்ணு."

திரையில் பிள்ளை நழுவி இறங்குவது தெரிந்தது. கைகள் அவளைத் தடுக்கவில்லை. சின்னச் செருப்புகள் தடதடவென்று அவளைக் கடந்து ஓடி, வெளிச்ச வட்டத்துக்குள் போய்த் திரும்பி நின்றன. பிள்ளை தப்பிவிட்டது. அந்த ஒரு நினைப்பில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இனி தன்னை என்ன செய்தாலும் சரி.

இடுப்பில் பிடி தளர்ந்தது. ஒவ்வொரு விரலாக. பின்சக்கரம் பெருமூச்சு விட்டதுபோல் மேலே எழும்பியது. வாடை அவளைக் கடந்து முன்னால் போனது.

திரையில் சிவப்பு மின்னியது. காலிக் கேரியர்.

நிமிர்ந்து பார்த்தாள். விளக்குக்கு நேர் கீழே வண்டு பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் வெளிச்சம் விழுந்த வெறும் சாலை. அங்கே யாரும் இல்லை. ஆனால் இரண்டு ஈரக் கைகள் அவள் இடுப்பைச் சுற்றி மெல்ல வந்து, வயிற்றின் மேல் விரல்களைக் கோத்துக்கொண்டன. வண்டு குனிந்து அவற்றைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். வண்டுவின் சின்னச் செருப்புகள் தரையை விட்டு எழும்பியிருந்தன.